சம்பளம் 36,000, தவணை 35,700: எந்தக் கடனை முதல்ல அடைக்கிறது?

திருப்பூர்க்கணக்கன் | 6 ஜூலை 2025, இரவு 11.42

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன். இன்னைக்குத்தான் எழுதறேன்.

பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். கைக்கு வர்றது 27,000. வீட்டுக்காரம்மா ஒரு யூனிட்ல செக்கிங் போறாங்க. சனிக்கிழமையானா 2,000, 2,200 வரும், மாசத்துக்கு 9,000னு வெச்சுக்கலாம். பொண்ணு பத்தாவது, பையன் ஆறாவது. அம்மா எங்களோடதான், சர்க்கரைக்கு மாத்திரை ஓடுது. லைன் வீடு, வாடகை 6,500.

கடன் ஏழு லட்சம் இருக்கும். அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஆரம்பிச்சது. அவர் போனப்புறமும் கடன் போகலை, டாப்-அப் போட்டுப் போட்டு இழுக்குது. 2022ல பொண்ணு சீர் வெச்சப்ப நகை உள்ள போச்சு. இப்ப எப்படி ஓடுதுன்னா, அரிசி பருப்பு கிரெடிட் கார்டுல, கார்டுக்குக் கட்டவேண்டிய மினிமம் தினவட்டித் தண்டல் பணத்துல, தண்டலுக்கு சம்பளம். நேத்து சனிக்கிழமைக் கூலியை அவங்க மேசை மேல வெச்சாங்க, அரை மணி நேரத்துல அது அங்க இல்லை.

கூட இருக்கறவர் "ஏழு லட்சம் ஒரே லோனா எடுத்து எல்லாத்தையும் அடைச்சுடு"ங்கறார். செய்யலாமா? வீட்ல பாதிதான் தெரியும். தூங்கியே பத்து நாள் ஆச்சு. சில ராத்திரி என்னென்னமோ தோணுது.


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 7 ஜூலை, காலை 6.10

தம்பி, கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரவில் அப்படித் தோன்றும்போது 104க்கோ 14416க்கோ பேசுங்கள். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். முப்பத்து நான்கு வருடம் கூட்டுறவு வங்கியில் கடன் மேசையில் இருந்தவன் நான். எட்டு, பத்து லட்சக் கடனோடு வந்தவர்கள் வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது கணக்கு. "ஏழு லட்சம் இருக்கும்" என்கிறீர்கள். உங்கள் முதலாளியின் பேரேட்டில் அப்படி எழுதினால் விடுவாரா? யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, தவணை எவ்வளவு, யார் பெயரில், எதை அடகு வைத்தீர்கள், எதில் கையெழுத்துப் போட்டீர்கள். பைசா வரை எழுதிக்கொண்டு வாருங்கள். அதுவரை புதுக் கடன் பேச்சே வேண்டாம்.


நேர்ப்பேச்சு | 7 ஜூலை, காலை 9.31

ஏழு லட்சமெல்லாம் ஒரு கடனா பாஸ். எனக்கு 22 இருந்துச்சு.


ஈரோட்டுக்காரி | 7 ஜூலை, காலை 9.50

@நேர்ப்பேச்சு ஏனுங்க, இது என்ன ஏலமா? மனுசன் தூங்கலைன்னு எழுதியிருக்காரு.


திருப்பூர்க்கணக்கன் | 8 ஜூலை, இரவு 10.15

ஐயா சொன்னது சுருக்குனு பட்டுதுங்க. ஆபீஸ்ல எல்லாரும் போனப்புறம் உக்காந்து எழுதினேன்.

பேங்க் பர்சனல் லோன்: பாக்கி 3,10,000, வட்டி 14.5 சதவீதம், தவணை 9,800, இன்னும் 40 மாசம்.

கிரெடிட் கார்டு ரெண்டு: 1,42,000, 86,000. மினிமம் மட்டும் கட்டறேன், ரெண்டும் சேர்த்து 11,400.

வீட்டுக்காரம்மா பேர்ல குழுக் கடன் ரெண்டு: 38,000, 24,000. ஒண்ணு வாரம் 700, இன்னொண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 1,150. மாசம் 5,500 பக்கம்.

நகைக்கடன், தனியார் கம்பெனில: 6 பவுன், அதுல ஆரம் 4, வளையல் 2. வாங்கினது 1,60,000, மாசம் ஒண்ணரை வட்டி. வருஷா வருஷம் பிப்ரவரில வட்டியை மட்டும் கட்டி மாத்தி வெச்சுட்டு வர்றேன்.

தண்டல்: 30,000னு எழுதி 25,500 கைல குடுத்தாங்க. தினம் 300, நூறு நாள். இன்னும் 45 நாள், 13,500.

கைமாத்து: மச்சான்கிட்ட 50,000, கூட வேலை செய்யறவர்கிட்ட 20,000. வட்டி இல்லை.

கூட்டினா 8,43,500. மூணு தடவை கூட்டிப் பாத்தேன். ஏழுன்னு எப்படி நம்பிட்டிருந்தேன்னே தெரியலை. நகை வட்டியை விட்டுட்டாலும் மாசம் ரொக்கமா வெளிய போறது 35,700. வர்றது 36,000. மிச்சம் 300 ரூபாய்ல அஞ்சு பேர் சாப்பிடணும். வீட்டுச் செலவு எவ்வளவு இழுத்துப் புடிச்சாலும் 17,500 ஆகுது. அப்ப கார்டைத் தேய்க்காம என்ன பண்றது?


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 9 ஜூலை, காலை 6.25

நல்லது தம்பி. எட்டே முக்கால் லட்சத்துக்குள் இருக்கிறது. பாதிப் பேர் இந்த இடத்துக்கே வருவதில்லை.

கார்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மாத வட்டி 3.5 சதவீதமோ 3.75 சதவீதமோ இருக்கும். 3.5 என்றே வைப்போம். 2,28,000க்கு வட்டி 7,980. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,436. ஆக 9,416. நீங்கள் கட்டும் 11,400ல் அசலுக்குப் போவது இரண்டாயிரத்துக்கும் கீழே. வண்டி ஓடுகிறது, சக்கரம் அதே பள்ளத்தில்.

இன்னொன்று. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். பாக்கி நிற்கும் வரை வட்டியில்லாக் காலம் என்பது உங்களுக்குக் கிடையாது. இன்று வாங்கும் பருப்புக்கும் இன்றிலிருந்தே வட்டி.

ஒரே லோன் யோசனை பற்றி: சம்பளம் முழுவதும் தவணைக்குப் போகிற ஆளுக்கு நல்ல வட்டியில் எந்த வங்கியும் தராது. தருகிறவன் 24, 28 என்பான். அப்படியே கிடைத்தாலும் காலியான கார்டு இரண்டும் பர்ஸிலேயே இருக்கும். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.


திருப்பூர்க்கணக்கன் | 9 ஜூலை, மதியம் 1.20

மினிமம் கட்டிட்டா வட்டி இல்லைன்னுதாங்க இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். நான் அக்கவுண்ட்ஸ் பாக்கறவன். வெளிய சொன்னா சிரிப்பாங்க.


மதுரைகுமாஸ்தா | 9 ஜூலை, மாலை 7.05

வக்கீல் ஆபீஸ்ல பதினெட்டு வருஷம் இருக்கேன்ணே. தண்டலைப் பத்தி மட்டும் சொல்லிக்கிறேன்.

25,500 வாங்கி நூறு நாள்ல 30,000 கட்டுறீங்க. நாளும் அசல் குறைஞ்சுக்கிட்டே வர்றதைச் சேர்த்துக் கணக்குப் போட்டா வருஷத்துக்கு 120 சதவீதத்துக்கு மேல நிக்குது. தமிழ்நாட்டுல 2003லயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு பேரைச் சொல்லியே அதுல எழுதியிருக்கு. மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். மிரட்டி வசூல் பண்றதுக்குன்னு 2025லயும் ஒரு சட்டம் வந்திருக்கு. ஆனா உங்களுக்கு 45 நாள்தான் பாக்கி. இந்த நேரத்துல ஸ்டேஷன், பெட்டிஷன்னு போகச் சொல்ல மாட்டேன். கட்டி முடிச்சுருங்க.

ரெண்டு விஷயம் கவனம். எழுபது, எண்பதாவது நாள்ல வந்து "புதுசு போட்டு பழசைக் கழிச்சுக்கலாம்ணே"ம்பான். அங்கதான் ஆளு விழுகுறது. அடுத்தது, எதுல கையெழுத்துப் போட்டீங்க? வெத்து செக், எழுதாத புரோநோட்டு குடுத்திருந்தா கடைசி 300ஐக் கட்டுற அன்னைக்கே திரும்ப வாங்கணும். "கடைல இருக்கு, நாளைக்குத் தாரேன்"னா, அந்த நாளைக்கு ரெண்டு வருஷம் கழிச்சு செக் பவுன்ஸ் நோட்டீஸா வரும். பாத்திருக்கேன்.


வெற்றிப்பாதை_கடன்தீர்வு | 9 ஜூலை, இரவு 9.00

[நெறியாளரால் நீக்கப்பட்டது]


மதுரைகுமாஸ்தா | 9 ஜூலை, இரவு 9.14

போச்சா, கடனைப் பாதிக்கு முடிச்சுத் தர்றோம்ங்கிற ஆளுக வந்துட்டாங்க. இவனுகளுக்கு முதல்ல 15,000 பீஸ் கட்டணும். அப்புறம் "தவணை கட்டாதீங்க, சிம்மை மாத்துங்க"ம்பான். ஆறு மாசம் கழிச்சு அவன் சிம்மும் மாறியிருக்கும்.


நேர்ப்பேச்சு | 10 ஜூலை, காலை 11.40

அந்த ஐடியா ஒண்ணும் தப்பில்லையே. நான் அப்படித்தான் வெளிய வந்தேன். கார்டு கட்டுறதை நிறுத்துங்க. ஆறேழு மாசம் கத்துவான். அப்புறம் அவனே கூப்பிட்டு பாதிக்கு முடிச்சுக்கலாம்பான். மானத்தைக் கொஞ்சம் கழட்டி வெச்சாப் போதும்.


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 10 ஜூலை, மதியம் 3.30

பாதிக்கு முடித்தால் சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் "மூடப்பட்டது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். பல வருடம் அது அங்கேயே நிற்கும். இவருக்கு மூன்று வருடத்தில் பெண்ணின் கல்லூரிக்குக் கல்விக்கடன் கேட்க வேண்டியிருக்கும். பெற்றோரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற கடன் அது. வேறு வழியே இல்லாதவனுக்கு செட்டில்மென்ட் மருந்துதான், மறுக்கவில்லை. இவருக்கு வழி இருக்கிறது, அடகில் இருக்கிறது.


நேர்ப்பேச்சு | 10 ஜூலை, மதியம் 3.52

சரி. என் பேர்ல அந்த முத்திரை இன்னும் இருக்கு, அது உண்மைதான். வீட்டுக்கடன் கிடைக்கலை. அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும்.


மதுரைகுமாஸ்தா | 10 ஜூலை, மாலை 6.48

யாராவது "ஐ.பி. குடுத்துரு, மஞ்சக் கடுதாசி குடுத்துரு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். கடனைக் கட்ட முடியலைன்னு கோர்ட்ல போடுற திவால் மனுதான் அது. மாவட்டங்கள்ல அது 1920ஆம் வருஷத்துச் சட்டத்துலதான் ஓடுது. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம்னு அதுல இன்னமும் இருக்கு. அந்தக் காலத்து ஐநூறு! ஆனா மாசச் சம்பளக்காரரு, அடகு நகை வேற. வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலையணும். ஜாமீன் போட்டவங்களையும் அது காப்பாத்தாது, கடன்காரன் நேரா அவங்ககிட்ட போவான்.

கார்டுக்காரன் கேஸ் போட்டா மொத்தச் சம்பளத்தையும் புடிச்சுருவான்னு ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கு. அப்படி முடியாது. கோர்ட்ல டிகிரி, அதாவது தீர்ப்பு, வாங்கினாலும் சம்பளத்துல முதல் ஆயிரம் ரூபாயையும், மீதில மூணுல ரெண்டு பங்கையும் தொட முடியாது.


ஈரோட்டுக்காரி | 10 ஜூலை, இரவு 8.20

அண்ணா, குழுவைப் பத்தி யாரும் பேசலை, நான் சொல்றேன். நாலு வருசம் சென்டர் லீடரா இருந்து நொந்தவ.

அக்காவுக்கு எப்படி ரெண்டு கடன் குடுத்தாங்க? வருச வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருக்கற குடும்பத்துக்குத்தான் குழுக் கடன். உங்களுக்கு 4,32,000 வருது. கேட்டுப் பாருங்க, ஃபீல்டு ஆபீசரு "22,000னு போட்டுக்கறேன்க்கா"ன்னு அவரே எழுதியிருப்பாரு. 2022ல ரிசர்வ் பேங்க் போட்ட விதிப்படி வீட்டோட எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து வருமானத்துல பாதிக்கு மேல போகவே கூடாது. உங்களுக்கு முழுசும் போகுது. விதி பேப்பர்ல இருக்கு, கலெக்சன் வாசல்ல இருக்கு.

ஆனா வாசல்லயும் விதி இருக்குண்ணா. காலைல 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்கு மேலயும் குழுக் கடனுக்குக் கூப்பிடக் கூடாது. பணம் வாங்கறது பேசி வெச்ச எடத்துலதான். அடுத்தடுத்து ரெண்டு தடவை நாம அங்க போகலைன்னாத்தான் வீட்டுக்கே வரலாம். மத்தவங்களை வீட்டு முன்னாடி உக்கார வெச்சுத் திட்ட விடறதெல்லாம் தப்பு. கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து 30 நாள்ல பதில் வரலைன்னா ரிசர்வ் பேங்க் குறைதீர்ப்புக்குப் போலாம், 14448.

இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ரெண்டாவது கடன் உங்க வீட்டுக் கடன்தானா? அக்காகிட்ட கேளுங்க.


திருப்பூர்க்கணக்கன் | 13 ஜூலை, இரவு 11.05

ஈரோட்டுச் சகோதரிக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலைங்க.

நேத்து ராத்திரி பசங்க தூங்கினப்புறம் பட்டியலை அவங்க கைல குடுத்தேன். அவங்க கத்தலை. விரலை வெச்சு ஒவ்வொரு வரியா படிச்சாங்க. தண்டல் வந்தப்ப நிறுத்தி, "அதான் தினமும் டீக்கடை வழியா சுத்தி வர்றீங்களா"ன்னாங்க. வசூல்காரர் அங்கதான் நிப்பார். அப்புறம் அந்த 24,000 மேல விரலை வெச்சுட்டு, "இது நம்ம கடனே இல்லை"ன்னாங்க. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏற்கெனவே மூணு குழு இருந்ததால நாலாவது கிடைக்கலையாம். இவங்க பேர்ல எடுத்துக் குடுத்திருக்காங்க. ஆறு மாசமா ரெண்டு தவணைக்கு ஒண்ணுதான் வருதாம், மீதியை சனிக்கிழமைக் கூலில இருந்து கட்டறாங்க. பயந்துட்டு எங்கிட்ட சொல்லலை.

நான் அவங்களுக்குத் தெரியாம தண்டல், அவங்க எனக்குத் தெரியாம குழு. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவங்க எந்திரிச்சு காபி வெச்சாங்க, ராத்திரி பன்னெண்டு மணிக்கு.

நகையைப் பத்தித்தான் இப்ப கேள்வி. ஐயா அடகுல வழி இருக்குன்னீங்களே.


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 14 ஜூலை, காலை 6.20

2022ல் கிராம் 4,700, 4,800 விற்றபோது வைத்த நகை. இன்று 9,000. கடன் தொகை அப்படியே நிற்கிறது, நகையின் மதிப்பு இரட்டிப்பு. இந்த மூன்று வருடத்தில் 86,400 வட்டி கட்டியிருக்கிறீர்கள். இன்றைய விலைக்கும் அது ஒரு பவுனுக்கு மேலே.

என் யோசனை, அடகை வங்கிக்கு மாற்றுங்கள். கல், அழுக்கு போக 47 கிராம், கிராமுக்கு 6,500 என்று வைத்தாலும் மூன்று லட்சம் தருவார்கள். 9 சதவீத வட்டி, மாதம் 2,300. இப்போது 1,60,000க்கே 2,400 போகிறது. அதே வட்டிக்குள் பழையதை அடைத்து, கூடுதலாக ஒரு லட்சத்து முப்பதாயிரம் கையில் வரும். கார்டில் போடுங்கள்.


ஈரோட்டுக்காரி | 14 ஜூலை, காலை 10.12

ஐயா மன்னிக்கணும், இதுல எனக்கு ஒப்புதல் இல்லை. இது நகையை மீக்கறது இல்லைங்க, இன்னும் ஆழமாப் புதைக்கறது. அடுத்த வருசம் மூணு லட்சத்தை யாரு கட்டி எடுக்கறது? ஒண்ணரை லட்சத்தையே மூணு வருசமா எடுக்க முடியலை. வித்துருங்க. கழுத்துல இல்லாத நகைக்கு வட்டி கட்டறதுல என்ன பெருமை?


தங்கராசா | 14 ஜூலை, காலை 10.40

விக்கிறதா? ஜனவரில 57,000 இருந்த பவுன் இன்னைக்கு 72,000ஐத் தாண்டிருச்சு. ஏறிட்டிருக்கற பொருளை விக்கறவன் புத்திசாலியா? வருஷக் கடைசில பாருங்க.


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 14 ஜூலை, மாலை 5.00

தங்கம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது, தங்கராசாவுக்கும் தெரியாது. கார்டு வட்டி ஜிஎஸ்டியோடு மாதம் 4.13 சதவீதம், அது நிச்சயம். இரண்டு வருடம் பள்ளத்தில் கிடந்த தங்கத்தையும் பார்த்திருக்கிறேன்.

ஈரோட்டு அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் வங்கிக்காரனாக யோசித்தேன். திருப்பிக் கட்டும் சக்தி இல்லாதவருக்கு நான் சொன்னது பெரிய தொகையை ஒரு வருடம் தள்ளிப்போடுவது மட்டுமே. பாதியை விற்றுப் பாதியை வங்கியில் வைப்பது ஒரு நடுவழி. எது போக வேண்டும் என்பதை அந்த வீட்டு அம்மாவே சொல்லட்டும், நகை அவருடையது.

ஒரு எச்சரிக்கை. "அடகு நகையை மீட்டு வாங்குகிறோம்" என்று பலகை வைத்திருப்பவர்களிடம் அடகுச் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்காதீர்கள். நகை உங்கள் கைக்கு வந்த பிறகே விலைப் பேச்சு.


சீட்டுக்காரர் | 15 ஜூலை, காலை 8.05

ஒரு லட்ச ரூபாய் சீட்டு போட்டு முதல் மாசமே தள்ளி எடுத்தா?


மதுரைகுமாஸ்தா | 15 ஜூலை, காலை 8.30

மாசம் 300 ரூபாய் மிஞ்சுற ஆளு சீட்டுப் பணத்தை எதுலருந்துண்ணே கட்டுவாரு?


திருப்பூர்க்கணக்கன் | 10 ஆகஸ்ட், இரவு 9.30

நாளாச்சுங்க. நடந்ததை எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

ஜூலை மாசம் கார்டைத் தொடலை. ரெண்டையும் வீட்டுக்காரம்மா அரிசி டப்பாவுக்கு அடில போட்டுட்டாங்க. கம்பெனில 15,000 அட்வான்ஸ் வாங்கி ஓட்டினோம், மாசம் 3,000 புடிப்பாங்க.

ஆரத்தை விக்கறது, வளையலை பேங்க்ல வெக்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க. வளையல் பொண்ணுக்காம். எங்கம்மாவுக்குச் சம்மதமில்லை. ஆடி மாசம் நகை விக்கறதா, அதுவும் வெள்ளிக்கிழமை வரலட்சுமி நோன்பை வெச்சுக்கிட்டான்னு ஒரே பேச்சு. அதனால நோன்புக்கு முந்தின நாள், 7ஆம் தேதி வியாழக்கிழமை போனோம்.

மீக்கறதுக்குக் கைல காசு வேணுமே. பல்லடத்துல விசைத்தறி வெச்சிருக்கற மச்சான்கிட்டதான் கேட்டோம், ஏற்கெனவே 50,000 தரவேண்டிய அதே மச்சான். பட்டியலைக் காட்டினேன். அவர் படிச்சுட்டு, "என் பேரும் இருக்கா"ன்னார். "இருக்குங்க மச்சான், கடைசி வரி." வேற ஒண்ணும் கேக்கலை, 1,75,000 என் அக்கவுண்ட்டுக்குப் போட்டார். சாயங்காலம் திருப்பிக் குடுத்தாச்சு.

அடகுக் கம்பெனில ஆறு மாச வட்டி சேர்த்து 1,74,400. நகை கைக்கு வர ஒன்றரை மணி நேரம். அன்னைக்கு பவுன் 75,000 சொச்சம். முதல் கடைல மிஷின்ல வெச்சு சுத்தம் 90.6 சதவீதம்னு காட்டி, கிராம் 8,900ங்கறாங்க. ரெண்டாவது கடைல கொக்கிய உரசிப் பாத்துட்டு 9,050. கல் எடை போக 31.2 கிராம். 2,82,360, அக்கவுண்ட்லதான் போட்டாங்க.

கல்லை எடுக்கறப்ப ஒரு பையன் சின்ன குறடு வெச்சு ஒவ்வொண்ணா பிச்சு எடுத்தான். பதக்கத்துல இருந்த சிவப்புக் கல் பதினொண்ணு. "கல்லுக்கு விலை இல்லைக்கா, தூக்கிப் போட்டுடவா?"ன்னான். இவங்க "குடுப்பா"ன்னு ஒரு சின்ன கவர்ல வாங்கி பர்ஸ்ல வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த இடத்துல நிக்க முடியலை, வண்டிகிட்ட வந்துட்டேன்.

வளையலுக்கு பேங்க்ல 1,00,000 குடுத்தாங்க, 9 சதவீதம். கைல 2,07,960. பொண்ணு ஸ்கூலுக்கு 7,960ஐ எடுத்து வெச்சுட்டு ரெண்டு லட்சத்தைக் கார்டுல போட்டோம். சின்ன கார்டு 87,000 முழுசா முடிஞ்சுது. பெருசுல 29,000 பாக்கி, அதைப் பன்னெண்டு மாசத் தவணையா மாத்திக் குடுத்தாங்க, மாசம் 2,700. தண்டல் இந்த மாசம் 22ஆம் தேதியோட தீருது. மதுரை அண்ணா சொன்ன மாதிரியே போன வாரம் "புதுசு போட்டுக்கலாங்களா"ன்னு கேட்டார்.


மதுரைகுமாஸ்தா | 10 ஆகஸ்ட், இரவு 10.02

செக்கு, நோட்டு?


திருப்பூர்க்கணக்கன் | 10 ஆகஸ்ட், இரவு 10.06

வெத்து செக் ஒண்ணு குடுத்திருக்கேங்ணா. வாங்கிட்டுத்தான் கடைசி 300.


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 11 ஆகஸ்ட், காலை 6.15

சின்னக் கார்டில் பாக்கி பூஜ்யம் ஆனால் மட்டும் போதாது தம்பி. கார்டையே ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அடுத்த அறிக்கையில், போன அறிக்கைக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்கு நடுநாள் வட்டி என்று நூறோ இருநூறோ வரும். அதைக் கட்டாமல் விட்டால் அதற்குத் தாமதக் கட்டணம் ஏறலாம். நிலுவை இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகுதான் அது முடிந்த கடன்.


திருப்பூர்க்கணக்கன் | 21 செப்டம்பர், மாலை 4.40

தண்டல் முடிஞ்சுது. செக்கை டீக்கடை வாசல்லயே கிழிச்சுப் போட்டேன்.

இன்னொரு பக்கம் இடி. அமெரிக்கா வரி ஆகஸ்ட் 27ல இருந்து 50 சதவீதம் ஆச்சுல்லங்க, எங்க ஊர்ல ஆர்டரெல்லாம் நிக்குது. வீட்டுக்காரம்மாவுக்கு ஓவர்டைம் இல்லை, வாரம் 1,600தான். எனக்கு அட்வான்ஸ் புடிச்சது போக 24,000. நான் ஞாயித்துக்கிழமைல ரெண்டு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதறேன், 4,000 வருது. மொத்தம் 35,000, தவணை 18,000. மிச்சம் 17,000ல வீட்டை ஓட்டணும், ஒரு 500 இடிக்குது. ஜூலைல இருந்தது 300, அதை நினைச்சுக்கறேன்.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட ரெண்டு பேருமாப் போய்ப் பேசினோம். அழுதாங்க. இப்ப தவணைக்கு 600 குடுக்கறாங்க. 1,150ல 600.


ஈரோட்டுக்காரி | 21 செப்டம்பர், மாலை 6.11

அந்த 600ஐ வாங்கறப்ப ஒரு நோட்டுல எழுதி அவங்க கையெழுத்து வாங்கச் சொல்லுங்க அண்ணா. சண்டைக்கு இல்லை, மறதிக்கு. கம்பெனி பாஸ் புத்தகத்துலயும் தவணைக்குத் தவணை வரவு போடறாங்களான்னு பாத்துக்கங்க. எனக்கு ஒருக்கா மூணு வாரம் விட்டுப்போச்சு.


தங்கராசா | 2 நவம்பர், காலை 11.20

கணக்கரே, பவுன் தீபாவளிக்கு முன்னாடி 95,000ஐத் தாண்டினதைப் பாத்தீங்களா? நாலு பவுனுக்கு எண்பதாயிரம் விட்டுட்டீங்க. நான் அப்பவே சொன்னேன்.


நேர்ப்பேச்சு | 2 நவம்பர், காலை 11.34

@தங்கராசா ரெண்டு லட்சம் கார்டு பாக்கிக்கு மூணு மாசத்துல 25,000 வட்டி ஏறியிருக்கும், அதையும் கழிச்சுச் சொல்லுங்க. அப்பவும் உங்க பக்கம்தான் கூடுதல், ஒத்துக்கறேன். ஆனா அந்த மூணு மாசம் அவங்க வீட்ல எதைச் சாப்பிடுவாங்க?


திருப்பூர்க்கணக்கன் | 2 நவம்பர், இரவு 9.48

தங்கராசா அண்ணன் சொல்றது சரிதாங்க, விலை ஏறிடுச்சு. வீட்ல இதைச் சொன்னேன். "வளையலும் ஏறியிருக்குமில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு துணி மடிக்கப் போய்ட்டாங்க.

தீபாவளி போனஸ்ல கூட வேலை செய்யறவரோட 20,000ஐக் குடுத்தாச்சு. மச்சான் இப்ப வேண்டாம்னுட்டார், நூல் வாங்கறப்ப கேக்கறேன்னார். சின்ன கார்டுக்கு ஐயா சொன்ன மாதிரியே 164 ரூபாய் வந்துது, கட்டிட்டு நிலுவை இல்லைன்னு கடிதம் வாங்கிட்டேன். ஆனாலும் அந்த கார்டுக்காரங்க வாரம் ஒருக்கா கூப்பிட்டு "சார், உங்களுக்கு ரெண்டு லட்சம் லோன் ரெடியா இருக்கு"ங்கறாங்க. இதை நிறுத்த என்னங்க பண்றது?


ஓய்வுபெற்றவன் (கும்பகோணம்) | 3 நவம்பர், காலை 6.05

1909 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் விளம்பர அழைப்புகளை முடக்கலாம். வங்கியின் செயலியிலும் விளம்பரச் சம்மதத்தை எடுத்துவிடுங்கள். அப்படியும் ஒன்றிரண்டு வரும். எனக்கே வருகிறது, எழுபத்து மூன்று வயதில்.